உச்சிவேளையில் ஏறிய முள்

ஒரு வாரம் வோல்டேஜைக் குறித்துக்கொண்டு வராதவருக்கு நான் பெட்டி விற்பதில்லை. அறுபதுகளில் விருதுநகர்க் கடைவீதியில் இதனாலேயே எனக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர். ஸ்டெபிலைசர் என்ற சொல் என் கடைப் பலகையில் மட்டும்தான் இருந்தது. வாங்க வருகிறவர்களுக்கு அது பூஸ்டர் பெட்டி. வந்ததும் தூக்கிப் பார்ப்பார்கள். கனமாக இருந்தால் நல்ல பெட்டி என்று முடிவு. தேங்காயைத் தட்டுவதுபோல விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது முத்தலு" என்று சொன்னவரும் உண்டு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கரண்டு எம்புட்டு இறங்குது, எந்நேரம் இறங்குது, அதுல என்ன ஓடுது, இந்த மூணையும் சொல்லுங்க. பெட்டிய நான் சொல்லுதேன்" என்பேன். பெரும்பாலும் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள். சிவகாசியில் லேபிள் அச்சடிக்கும் முதலாளி ஒருவர் அப்படித்தான் போனார். ரேடியோவுக்கு ஆகிற பெட்டியை வாங்கி அச்சு மிஷின் மோட்டாரில் மாட்டினார். மோட்டார் கிளம்புகிற அந்த ஒரு நொடியில் ஓட்டத்தில் இழுப்பதைப்போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். முதல் நாளே பெட்டி புகைந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் என்னிடம் வந்தார், நானும் அவரை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் வேறு பெட்டி கொடுத்தேன்.

வருகிறவர்களிடம் ஒரு சின்ன வோல்ட் மீட்டரையும் ஒரு நோட்டையும் கொடுத்து அனுப்புவேன். மணிக்கு ஒரு தடவை முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுத வேண்டும். ஏழு நாள் ஆனதும் நோட்டோடு வர வேண்டும். அந்த நோட்டைப் பார்த்தால் எனக்கு அந்த வீடே தெரிந்துவிடும். கிணற்று மோட்டார்கள் ஓடும் பகல் நேரத்தில் முள் தாழ்ந்து கிடக்கும், ஊர் தூங்கிய பிறகு ஏறும். எல்லா நோட்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான் இருக்கும்.

ஆனைக்குட்டம் பக்கத்திலிருந்து வந்த ஒரு நோட்டு அப்படி இல்லை.

கொண்டுவந்தவனுக்கு இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். நிலபுலன் உள்ள குடும்பம். தகப்பனார் இல்லை. வீட்டில் அவனும் அம்மாவும் மட்டும். சிவகாசிக்கு உரம் வாங்க வருகிற போதெல்லாம் விருதுநகர் வரைக்கும் வந்து என் கடை வாசலில் நின்று நான் வேலை செய்வதை வேடிக்கை பார்ப்பான். வயரிங் வேலையில் அவனுக்கு அத்தனை ஆசை. நல்ல பையன், அதிகம் பேசமாட்டான்.

நோட்டை விரித்தேன். காலையில் நூற்று அறுபது. பத்து மணிக்கு நூற்று ஐம்பது. பன்னிரண்டு மணிக்கு இன்னும் கீழே. சரி, வழக்கம்தான். ஆனால் அவனாகவே இடையில் குறித்திருந்த பன்னிரண்டே காலில் இருநூறைத் தாண்டியிருந்தது. அங்கிருந்து மெல்ல மெல்ல இறங்கி அந்திக்குள் பழைய இடத்துக்கே வந்திருந்தது. ஏழு நாளும் இதே கதை. ஊர்க் கிணறெல்லாம் மோட்டார் ஓடும் உச்சிவேளையில் கரண்டு ஏறவே ஏறாது. ஆறாம் நாள் மட்டும் ஏற்றம் ஒரு மணிக்குப் பிறகுதான் வந்திருந்தது.

"இது என்ன தம்பி, கண்ணை மூடிக்கிட்டு எழுதுனியா?"

"இல்ல அண்ணாச்சி. பக்கத்துலயே உக்காந்து எழுதுனேன்."

"ஆறாம் நாள் என்ன ஒரு மணிக்கு?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அன்னிக்கு அம்மாவுக்குக் காய்ச்சல். தண்ணி ஊத்த நேரமாயிருச்சு."

"தண்ணிக்கும் கரண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

"அதுக்குத்தான் உங்களக் கூப்பிட வந்தேன். நீங்க வந்து பார்க்கணும். பெட்டி ஒண்ணு மாட்டி அந்த லைட்ட ஒரே சீரா எரிய வச்சிருங்க அண்ணாச்சி. இல்லாட்டி எங்கம்மா எனக்கில்ல."

பஸ்ஸில் போகும்போது அவன் விஷயத்தைச் சொன்னான். அவனுக்கு ஒரு தங்கை. பதினாறு முடிந்து பதினேழு நடந்துகொண்டிருந்தது. ஐப்பசியில் ஒரு நாள் உச்சிவேளையில், கொல்லையில் பிச்சிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் அங்கேயே விழுந்து செத்துக் கிடந்தாள். உடம்பில் ஒரு காயம் கிடையாது. உச்சியில் முனி அடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. கலியாணம் ஆகாமல் போன பெண் எங்கள் பக்கத்தில் வீட்டுக்குக் கன்னித் தெய்வம் ஆகிவிடுவாள். ஓலைப்பெட்டியில் அவளுக்குப் பாவாடை தாவணியும் வளையலும் வைத்து, கன்னிமூலை என்கிற தென்மேற்கு மூலையில் விளக்கு வைப்பார்கள். இந்த அம்மா அதோடு, மகள் விழுந்த இடத்தில் தினமும் உச்சியில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி வந்தார். தாகத்தோடு போய்விட்டாளாம்.

"ஊத்தி முடிச்சதும் கன்னிமூலை லைட்டு பளிச்சுனு ஆகுது அண்ணாச்சி. அவ வந்துட்டான்னு அம்மா அதுகிட்டப் பேச ஆரம்பிச்சிருது. சாயந்தரம் லைட்டு மங்கமங்க அழுகுது. சோறு தண்ணி கிடையாது. மாசி பிறந்தும் இப்படியேதான்."

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சொல்லி அவன் தோளைத் தட்டினேன். அப்போது எனக்கு முப்பது வயது. மீட்டருக்குத் தெரியாத எதுவும் உலகத்தில் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

வீடு தெருக்கோடியில் தனியாக இருந்தது. கரிசல் வெயிலிலிருந்து உள்ளே நுழைந்தால் முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மூலையில் அந்த பல்பு தெரிந்தது. பட்டப்பகலில், சிவப்பாக, இழை மட்டும் புழுவைப் போலத் தெரிய எரிந்துகொண்டிருந்தது. அதன் அடியில் ஓலைப்பெட்டி, ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி, வாடிய பிச்சிப்பூ. பக்கத்தில் ரேடியோ தன்பாட்டில் ஓடியது. அதில் வந்த குரல் ஆணா பெண்ணா என்றுகூடப் பிரித்தறிய முடியாமல் உள்ளுக்குள் முனகியது.

"வாங்க தம்பி. வெயில்ல வந்திருக்கீக. சாப்பிட்டீகளா?" என்று அந்த அம்மா கேட்டார். நன்றாகத்தான் பேசினார். நான் பயந்துவந்த பைத்தியக்களை ஒன்றும் முகத்தில் இல்லை.

என் பையைத் திறந்து, சென்னையிலிருந்து வரவழைத்த தானாக இயங்கும் புதுப் பெட்டியை எடுத்து வைத்தேன். எது இறங்கினாலும் எது ஏறினாலும் இது ஒரே அளவாகக் கொடுக்கும் என்று பெருமையாக விளக்கினேன்.

அவர் பெட்டியைத் தொடவில்லை. "எந்நேரமும் ஒரே சீரா எரியுமா?"

"எந்நேரமும்."

"அப்ப அவ வந்தா எனக்கு எப்படித் தம்பி தெரியும்?"

மகனைப் பார்த்தேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

உச்சி ஆயிற்று. அந்த அம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார். நான் வோல்ட் மீட்டரை மாட்டி அதன் முன்னால் உட்கார்ந்தேன். முள் நூற்று நாற்பத்தைந்தில் கிடந்தது. வெளியே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. முள் நடுங்கியது. பிறகு யாரோ கையைப் பிடித்துத் தூக்கிவிடுவதுபோல நிதானமாக எழுந்தது. நூற்று அறுபது, நூற்று எண்பது, இருநூறு. தலைக்கு மேல் பல்பு மஞ்சளாகி வெள்ளையாகியது. கண்ணாடியில் வெளிச்சம் தெறித்து எதிர்ச் சுவரில் விழுந்தது. முனகிக்கொண்டிருந்த ரேடியோ வாய் திறந்து, அறை நிறைய ஒரு பெண் குரலில் பாடியது.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எழுந்து ஓடிவிடலாமா என்றுதான் தோன்றியது. மீட்டர் பொய் சொல்லாது, அதனால்தான் அத்தனை பயமாக இருந்தது.

கொல்லைக்குப் போனேன். சுவரோரம் பிச்சிச் செடி. அதை ஒட்டி ஈரமண். மழை பொய்த்த அந்த வருஷப் பஞ்சத்தில் ஊரிலேயே ஈரமாக இருந்த மண் அது ஒன்றாகத்தான் இருக்கும். கொல்லை நிறையக் கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன, ஒரு கோழிகூட அந்த ஈரத்தின் பக்கம் வரவில்லை. கட்டியிருந்த வெள்ளாடு கயிறு இறுகும் அளவு எட்டத்தில் போய் நின்று எங்களையே பார்த்தது. அந்த அம்மா வெறுங்காலோடு ஈரத்தின் விளிம்பில் நின்றுகொண்டிருந்தார். கண்கள் மூடியிருந்தன, முகத்தில் சிரிப்பு.

"இந்தா, தொடுதா" என்றார்.

"யாரும்மா?"

"என் மகதான். தண்ணி ஊத்துறப்ப என் ரெண்டு பாதத்தையும் தொடுவா. குறுகுறுன்னு எறும்பு ஊர்ற மாதிரி இருக்கும். கால்ல விழுந்து கும்பிடுதா தம்பி. கலியாணத்துக்குக் கும்பிட வேண்டியத இப்பக் கும்பிடுதா."

அப்போதுதான் செடியின் மறைவில் அந்த இரும்புக் குழாயைப் பார்த்தேன். வயரிங் உள்ள வீடுகளில் பாதுகாப்புக்காக மண்ணில் இறக்கும் எர்த் குழாய். பையிலிருந்து இன்னொரு மீட்டரை எடுத்து, ஒரு வயரைக் குழாயில் வைத்தேன். மற்றதை ஒரு ஆணியில் சுற்றிப் பத்தடி தள்ளிக் காய்ந்த தரையில் அடித்தேன். மண்ணுக்கும் மண்ணுக்கும் நடுவில் முள் அசையவே கூடாது. அசைந்தது. சாதாரண அசைவு இல்லை.

உள்ளே ஓடி மெயின் சுவிட்சை இறக்கினேன். பல்பு அணைந்தது. அது அந்தப் பெண் செத்த நாளிலிருந்து அணையாத விளக்கு. கொல்லையிலிருந்து அந்த அம்மா போட்ட கூச்சல் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. ஓடிவந்து ஓலைப்பெட்டியைக் கட்டிக்கொண்டு விழுந்துவிட்டார்.

நானும் மகனும் கொல்லையில் குழாயைச் சுற்றித் தோண்டினோம். ஒரு முழம் இறங்கியதும் குழாயில் சுற்றிய புதுக் கம்பி தெரிந்தது. கரண்டு ஒரு கம்பியில் வரும், வேலையை முடித்துவிட்டு இன்னொரு கம்பியில் திரும்பிப் போகும். இந்த வீட்டில் திரும்பிப் போகிற கம்பியைக் கொண்டுவந்து மண்ணில் விட்டிருந்தார்கள். மண் காய்ந்திருந்தால் கரண்டு திரும்ப வழியில்லாமல் தவிக்கும், விளக்கு மங்கும், குழாயில் ஆளைக் கொல்லும் கரண்டு நிற்கும். தண்ணீர் ஊற்றினால் வழி திறக்கும், விளக்கு ஏறும். அந்தப் பெண் ஈரக்காலோடு குனிந்து குழாயைத் தொட்டிருக்கிறாள். அம்மா விளிம்பில் நின்றதால் பாதத்தில் குறுகுறுப்போடு போயிற்று. ஒரு நாள் கால் வழுக்கிக் குழாயைப் பிடித்திருந்தால் அவ்வளவுதான்.

"எந்த மடையன் கட்டினான் இதை?" என்று கத்தினேன்.

அவன் மண்வெட்டியை வைத்தான். "நாந்தான் அண்ணாச்சி. காத்துல லைட்டு போயிருச்சு. திரும்புற கம்பி வெளிய எங்கயோ அறுந்துருச்சுன்னு தெரிஞ்சது. தீபாவளிக்கு வீடு இருட்டாக் கிடக்கக் கூடாதுன்னு நானே போட்டேன். உங்க கடையில பல்பு சோதிக்க ஒரு வயரத் தண்ணிக் குழாயில வைப்பீகளே, அதைப் பார்த்துத்தான்."

ஆமாம், வைப்பேன். வாடிக்கையாளர் முன்னால் வித்தை காட்டுவேன். மண்ணும் ஒரு கம்பிதான் என்று வசனம் வேறு பேசுவேன்.

"எப்பப் போட்டே?"

"அவ சாகுறதுக்கு நாலு நாள் முந்தி" என்று சாதாரணமாகச் சொன்னான். சொன்ன பிறகுதான் அவன் காதிலேயே அது விழுந்தது. என் முகத்தைப் பார்த்தான். குழாயைப் பார்த்தான். அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்து, வாயில் துண்டைத் திணித்துக்கொண்டு அழுதான். நான் அவனைத் தேற்றவில்லை. எந்த வாயை வைத்துக்கொண்டு தேற்றுவது?

அம்மாவிடம் லைனில் கோளாறு என்று மட்டும் சொன்னோம். மின்சார ஆபீசில் சொல்லி லைனை நிறுத்தி, வீட்டு முகப்பில் அறுந்திருந்த கம்பியை ஒட்டினோம். மண்ணில் விட்டிருந்த கம்பியை நானே பிடுங்கி எடுத்தேன். சுவிட்சைப் போட்டதும் முள் இருநூற்று இருபதுக்குப் போய் அங்கேயே நின்றது. பஞ்சத்தில் கிணறெல்லாம் வற்றி மோட்டார்கள் ஓடாததால் அந்த ஊர் லைனில் தாழ்வே இல்லை. அந்த வீட்டுக்கு எந்தப் பெட்டியும் தேவையில்லை. புதுப் பெட்டியைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவன் கடைக்கு வந்தான். பாதியாகியிருந்தான்.

"அண்ணாச்சி, கையால திருகுற பெட்டி ஒண்ணு வேணும்."

"உங்க வீட்டுக்கு எதுக்கு? முள்ளு அசையாம நிக்குதே."

"அதுக்குத்தான். அம்மா தினமும் தண்ணி ஊத்துது. ஊத்திட்டு வந்து லைட்டையே பார்க்குது. அது ஏற மாட்டேங்குது. என் மேல என்ன கோவம்னு கேட்டு ஓலைப்பெட்டி முன்னால தலையில அடிச்சுக்கிடுது. நேத்துலேருந்து கஞ்சி கூடக் குடிக்கல. உச்சியில ஒரு கால் மணி நேரம் மட்டும் நான் திருகி ஏத்துறேன். எனக்கு வேற வழி தெரியல."

அது மோசடி என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. ஓடுவது என்ன என்று கேட்டேன். ஒரு பல்பு. எவ்வளவு இறங்க வேண்டும், எவ்வளவு ஏற வேண்டும், எந்நேரம் என்று கேட்டேன். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது. என் வாழ்க்கையில் நான் கேட்ட மூன்று கேள்விக்கும் தயங்காமல் பதில் சொன்ன வாடிக்கையாளர் அவன் ஒருவன்தான்.

அந்தப் பெட்டியை விற்பனைக்கு இருந்ததிலிருந்து எடுக்காமல் நானே செம்புக் கம்பி சுற்றிச் செய்தேன். சாதாரண நாளில் பல்பு கொஞ்சம் மங்கலாக எரிய வேண்டும், திருகினால் முழு வெளிச்சத்துக்கு வர வேண்டும், அதற்கு மேல் ஒரு இழைகூடப் போகக் கூடாது. படி படியாகத் துள்ளக் கூடாது என்று நெருக்கமாகப் பன்னிரண்டு படி வைத்தேன். இது ஒரு பல்புக்கு மட்டும்தான், ரேடியோவை இதில் மாட்டாதே என்று சொன்னேன். பெட்டியின் இரைச்சல் கேட்டால் காரியம் கெட்டுவிடும் என்று இரும்புத் தகடுகளை வார்னிஷில் ஊறவைத்து இறுக்கினேன். காதை வைத்தால்கூடக் கேட்காது. அதைத் தானியம் கொட்டி வைக்கும் குலுக்கைக்குப் பின்னால் யாருக்கும் தெரியாமல் பொருத்திக் கொடுத்தேன்.

சித்திரையில் ஒரு நாள் பெட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்கப் போனேன். உச்சிவேளை. மகன் உள்ளே இருந்தான். நான் கொல்லையில் அந்த அம்மாவோடு நின்றேன். அவர் குடத்தைச் சாய்த்தார். கோழிகள் ஓடிவந்து ஈரத்தைக் கிளறின. ஜன்னல் வழியே பல்பு மெல்ல, அழகாக ஏறியது.

அந்த அம்மா விளக்கைத் திரும்பிப் பார்க்கவில்லை. தன் பாதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டிய எங்கன வச்சிருக்கான் தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எந்தப் பெட்டிம்மா?"

"கால்ல ஒண்ணுமில்லையே. நீங்க வந்துட்டுப் போன நாள்லேருந்து கால்ல ஒண்ணுமில்ல. வந்தவ காலத் தொடாமலா போவா?"

நான் குனிந்து அவர் பாதத்தைப் பார்த்தேன்.

"அன்னிக்கு அவன் இங்கன உக்காந்து அழுதத ஜன்னல் வழியாப் பார்த்தேன். தங்கச்சி செத்தப்ப அழுத அழுகை இல்ல அது. வேற அழுகை. தீபாவளிக்கு முந்தி லைட்டப் பழுது பார்த்தது அவன்தானேன்னு மெல்ல மெல்ல யோசிச்சு எல்லாத்தையும் தெரிஞ்சுக்கிட்டேன்." குடத்தைக் கவிழ்த்து வைத்தார். "எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சா அவன் உசுரோட இருக்க மாட்டான். எனக்கு ஒத்தப் பிள்ளைதான் மிச்சம். நீங்க வாயத் தெறந்துராதீக."

பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டார்.

"ஏலே ஐயா, பார்த்தியா? வந்துட்டா!"

குலுக்கைக்குப் பின்னாலிருந்து அவன் குரல் வந்தது. "ஆமாம்மா. வந்துட்டா."